கெர்கிச் இல்லாத வெற்றி

1976 மே 24. பாரீஸின் இன்டர்கான்டினென்டல் ஹோட்டலில் பிரெஞ்சு ஒயின் உலகத்தைச் சேர்ந்த ஒன்பது நடுவர்கள், எந்தப் பாட்டிலிலிருந்து வந்தது என்று தெரியாமலே ஒயின்களைச் சுவைத்து 20-க்கு மதிப்பெண் போட்டார்கள். லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. ரோமானே-கோன்தி பண்ணையின் பங்குதாரர் ஓபேர் து வில்லேன், போர்தோவில் ஷாட்டோ ஜிஸ்கூர் பண்ணையை நடத்திய பியேர் தாரி, பிரான்ஸின் முக்கியமான ஒயின் இதழுக்கு ஆசிரியராக இருந்த ஓடெட் கான், பாரீஸின் பேர்பெற்ற உணவகங்களின் அதிபர்கள். வெள்ளை ஒயினில் பர்கண்டிக்கு நான்கு, கலிஃபோர்னியாவுக்கு ஆறு. சிவப்பில் போர்தோவுக்கு நான்கு, கலிஃபோர்னியாவுக்கு ஆறு. கூட்டிப் பார்த்தால் வெள்ளையில் ஷாட்டோ மாண்டலேனாவின் 1973 ஷார்டனே 132 புள்ளிகளோடு முதலிடம். சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸின் 1973 கேபர்னே சாவினியான் முதலிடம். இரண்டுமே நாப்பா பள்ளத்தாக்குப் பண்ணைகள். அங்கே வந்திருந்த ஒரே பத்திரிகையாளர் 'டைம்' இதழின் ஜார்ஜ் டேபர். ஜூன் 7 இதழில் அவர் எழுதிய சில பத்திச் செய்தி, ஒரு தலைமுறையின் ஒயின் வணிகத்தையே திசைமாற்றியது.

இதை 2008-ல் ராண்டல் மில்லர் 'பாட்டில் ஷாக்' என்ற படமாக எடுத்தார். மாண்டலேனாவின் உரிமையாளர் ஜிம் பாரெட் (பில் புல்மேன்) வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஒயின் பண்ணைக்கு வந்தவர். வங்கிக் கடன் கழுத்தை நெரிக்கிறது. மகன் போ (கிறிஸ் பைன்) நீள முடியோடு பொறுப்பில்லாமல் சுற்றுகிறவன். அப்பாவும் பிள்ளையும் மனஸ்தாபத்தைத் தோட்டத்திலேயே குத்துச்சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்கிறார்கள். பாரீஸில் கடை வைத்திருக்கும் ஆங்கிலேயர் ஸ்டீவன் ஸ்பரியர் (ஆலன் ரிக்மன்) வியாபாரம் படுத்துப்போனதால் ஒரு போட்டி நடத்தலாம் என்று நாப்பாவுக்கு வருகிறார். மிச்சத்தை நீங்கள் ஊகித்துவிடலாம். 'லகான்' பார்த்த எவருக்கும் இந்தக் கதையின் எலும்புக்கூடு பழக்கமானதுதான்.

எளியவர் வெல்லும் கதை எனக்குப் பிடிக்கும். அந்த வகையைக் கேவலமாகப் பேசும் விமர்சனத்தில் எனக்கு உடன்பாடில்லை. பரம்பரைப் பெருமையும் பட்டமும் பணமும் சேர்ந்து பூட்டி வைத்த கதவை யாரோ ஒருவர் திறமையால் திறந்தார் என்று பார்ப்பதில் ஒரு நியாயமான சந்தோஷம் இருக்கிறது. அதை மலிவான உணர்ச்சி என்று ஒதுக்க முடியாது. என் கேள்வி வேறு. உண்மையில் நடந்த ஒரு வெற்றியை இந்த வகைப் படம் கையில் எடுக்கும்போது, அந்தச் சந்தோஷத்துக்காக எதை வெளியே தள்ளுகிறது? 'பாட்டில் ஷாக்' இந்தக் கேள்விக்குத் தோதான படம், ஏனென்றால் அது வெளியே தள்ளியவற்றைப் பற்றி நமக்கு நன்றாகவே தெரியும். டேபரே 2005-ல் இந்த நிகழ்வைப் பற்றி முழுப் புத்தகம் எழுதிவிட்டார்.

முதலில் படம் நன்றாகச் செய்ததைச் சொல்கிறேன். ஸ்பரியர் நாப்பாவில் ஒயின் ருசி பார்க்கும் காட்சிகள் படத்தின் உயிர். வாடகைக் கார் நடுவழியில் நின்றுபோகிறது. ஊர்க்காரர்கள் தங்கள் பாட்டில்களோடு அவரைத் தேடி வருகிறார்கள். ருசி பார்க்க அவர் காசு கொடுக்க முன்வருவதே அவர்களுக்கு விநோதமாக இருக்கிறது. ரிக்மன் கோப்பையை மூக்கருகே கொண்டுபோகும்போது முகத்தில் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு எழுதியிருக்கும். வாயில் ஊற்றியதும் அந்தத் தீர்ப்பு மெல்லக் கலைகிறது. புருவம் கொஞ்சம் ஏறுகிறது, இன்னொரு வாய் குடிக்கிறார், ஒன்றும் சொல்லவில்லை. படித்தவன் ஒருவன் தன் முன்முடிவு பொய்த்துப்போவதை நாக்கில் உணரும் கணத்தை இவ்வளவு சிக்கனமாக நடித்துக் காட்டிய இன்னொருவர் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. வறுத்த கோழியையும் குவாக்கமோலியையும் அவர் முதன்முதலாகச் சாப்பிட்டுப் பார்ப்பதும் அதே ரகம். லேபிளை மறைத்துச் சுவைப்பதன் தர்மம் என்னவென்று எந்த வசனத்தையும்விட அந்த முகம் நன்றாகச் சொல்லிவிடுகிறது: முதலில் ருசி, பிறகுதான் பெயர்.

வேலையையும் படம் மதிக்கிறது. ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு ஒயினை மாற்றி மாற்றித் தெளியவைக்கும் அலுப்பான வேலையை, ஜிம் மறுபடியும் செய்யச் சொல்வதை, பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே செய்வதை நிதானமாகக் காட்டுகிறது. மது என்றாலே மெழுகுவர்த்தியும் காதலும்தான் என்று எடுக்கப்படும் படங்களுக்கு நடுவே, இதில் முதுகுவலி தெரிகிறது. இது சின்ன விஷயம் இல்லை.

இனி வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு வருகிறேன். அந்த 1973 ஷார்டனேயைச் செய்தவர் மிலியென்கோ கெர்கிச். அமெரிக்காவில் எல்லோரும் மைக் கெர்கிச் என்பார்கள். படத்தில் அவருக்குப் பாத்திரம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அப்பா இருக்கிறார், பிள்ளை இருக்கிறான், தொழிலாளி இருக்கிறான், பயிற்சிக்கு வந்த பெண் இருக்கிறாள். ஒயின்மேக்கர் மட்டும் இல்லை. பாரெட் முதலாளி, கெர்கிச் 1972-லிருந்து அங்கே ஒயின்மேக்கர். ஒரு பாடகரின் சரித்திரத்தில் பாடியவரை விட்டுவிட்டுச் சபாவின் செயலாளரையும் அவர் மகனையும் நாயகர்களாக்கியது போன்ற வேலை இது.

கெர்கிச்சின் வாழ்க்கையே ஒரு படத்துக்குத் தாராளமாகப் போதும். 1923-ல் குரோவேஷியாவில் தெஸ்னே என்ற கிராமத்தில் பிறந்தவர். பதினொரு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பாவும் திராட்சை பயிரிட்டு ஒயின் செய்தவர்தான். குழந்தையாக இருக்கும்போதே பழம் மிதித்தவர் கெர்கிச். ஸாக்ரெப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1954-ல் கம்யூனிஸ்ட் யூகோஸ்லாவியாவை விட்டு மேற்கு ஜெர்மனிக்குப் போனார். அங்கிருந்து கனடா, 1958-ல் நாப்பா. சூவெரனில் லீ ஸ்டூவர்ட்டிடம் தொடங்கி, பியூலியூ வைன்யார்டில் ஆந்த்ரே செலிஷ்சேவ் என்ற ரஷ்ய மேதையிடம் பல ஆண்டுகள் பாடம் கேட்டு, பிறகு ராபர்ட் மொண்டாவியிடம் வேலை பார்த்தார். ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் மாண்டலேனாவுக்கு வந்தார். பாரீஸில் வென்றது இந்த மனிதரின் கை.

இவரை ஏன் விட்டார்கள் என்பதற்குச் சட்டப்படி, வணிகப்படி ஆயிரம் காரணங்கள் இருந்திருக்கலாம். அதற்குள் நான் போகவில்லை. கதைப்படி ஒரு காரணம் இருக்கிறது, அதுதான் முக்கியம். ஃபீல் குட் படத்துக்கு நாயகன் திண்டாட வேண்டும். அவனுக்கு வேலை தெரியாமல் இருக்க வேண்டும், அல்லது தன்மேலேயே நம்பிக்கை இல்லாமல் இருக்க வேண்டும். கெர்கிச்சுக்கு வேலை தெரியும். பள்ளியில் படித்து, குருக்களிடம் கற்று, ஒவ்வொரு தொட்டியின் வெப்பத்தையும் கண்காணித்துச் செய்கிறவர். தெரிந்தவன் தெரிந்ததைச் செய்து ஜெயித்தான் என்றால் அதில் திருப்பம் எங்கே? ஆகவே படம் தெரிந்தவனை நீக்கிவிட்டுத் தெரியாதவனை வைக்கிறது. விளைவு, அறிவால் கிடைத்த வெற்றி அதிர்ஷ்டத்தால் கிடைத்த வெற்றியாக மாறிப்போகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு காட்சித் தொடரில் பார்க்கலாம். பாட்டிலில் அடைத்த ஷார்டனே பழுப்பாகிவிடுகிறது. ஜிம் உடைந்துபோய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோகச் சொல்லிவிட்டுப் பழைய வக்கீல் அலுவலகத்தின் படியேறுகிறார். போ ஒரு பாட்டிலோடு டேவிஸ் பல்கலைக்கழகத்துக்கு ஓடுகிறான். அங்கே ஒரு பேராசிரியர், காற்றே படாமல் அவ்வளவு கச்சிதமாகச் செய்த ஒயினில் மட்டும் இப்படி நிறம் தற்காலிகமாக மாறும், தானே தெளிந்துவிடும் என்கிறார். அதற்குள் ஒயின் போய்விட்டது. இல்லை, பார் நடத்தும் பெண் பெட்டிகளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். காட்சியாக விறுவிறுப்பானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள்: ஒயினைச் செய்த வீட்டில் ஒருவருக்கும் அதன் ரசாயனம் தெரியவில்லை. படிப்பு என்பது வெளியிலிருந்து ஐந்து நிமிடம் வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போகும் ஒன்றாக இருக்கிறது. உண்மையான நாப்பாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு, குளிரூட்டிய நொதிப்பு, துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி, செலிஷ்சேவ் போன்றவர்களின் ஆய்வுக்கூட ஒழுங்கு எல்லாம் தினசரி வேலையின் பகுதி. மதுவிலக்கு 1920 முதல் 1933 வரை கலிஃபோர்னியாவின் ஒயின் மரபை முறித்துப் போட்டது. அதைத் திரும்பக் கட்டியெழுப்பியது இந்தப் படிப்புதான். அந்த நாற்பதாண்டு உழைப்பு படத்தில் இல்லை.

மண்ணைப் பற்றியும் படம் நிறையப் பேசுகிறது. மாண்டலேனாவின் தோட்டம், பாரெட்டின் நிலம், அதில் விளைந்த பழம் என்று காமிரா வரிசை வரிசையாக வருடிக் காட்டுகிறது. அந்த 1973 ஷார்டனேயின் பழம் பெரும்பாலும் மாண்டலேனாவில் விளையவே இல்லை. பாரெட் வாங்கிய நிலத்தில் புதிதாக நட்ட கேபர்னே கொடிகள் பலன்தர ஆண்டுகள் ஆகும். அதுவரை கையில் காசு புரள, வெளியிலிருந்து பழம் வாங்கி வெள்ளை ஒயின் செய்தார்கள். பழத்தில் பெரும்பங்கு பக்கத்து மாவட்டமான சோனோமாவிலிருந்து வந்தது. அலெக்ஸாண்டர் பள்ளத்தாக்கு விவசாயி ஒருவர், ரஷ்யன் நதிப் பக்கத்துப் பாசிகலூப்பி குடும்பம், இவர்கள் விற்ற பழம். பாட்டிலின் லேபிளிலேயே நாப்பாவோடு அலெக்ஸாண்டர் பள்ளத்தாக்கின் பெயரும் அச்சாகியிருக்கிறது. ஒளித்துவைத்த ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் படத்துக்குச் சொந்த மண் வேண்டும், ஏனென்றால் சொந்த மண் இருந்தால்தான் அடகு வைக்கலாம், இழக்கப் பார்க்கலாம், மீட்கலாம். விலைக்கு வாங்கிய பழத்தில் அந்தக் கண்ணீர் வராது. விவசாயி கைமாற்றிவிட்ட பழத்துக்கும் பெயர் உண்டு என்ற எளிய உண்மை அந்தக் கண்ணீரில் கரைந்துவிட்டது.

பெண்களின் கதி இன்னும் மோசம். இந்தச் சுவைப்பு நிகழ்வை முதலில் யோசித்தவர் பட்ரீசியா கல்லகர். பாரீஸில் ஸ்பரியரின் ஒயின் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த அமெரிக்கப் பெண். அமெரிக்கச் சுதந்திரத்தின் 200-வது ஆண்டையொட்டிக் கலிஃபோர்னிய ஒயின்களைப் பாரீஸில் அறிமுகம் செய்யலாம் என்பது அவர் எண்ணம். ஸ்பரியருக்கு முன்பே, 1975-ல், கலிஃபோர்னியா போய்ப் பண்ணைகளைப் பார்த்துவிட்டு வந்தவரும் அவர்தான். படத்தில் அவர் இல்லை. ஸ்பரியருக்கு யோசனை வழங்குவது கடையில் வந்து உட்காரும் ஓர் அமெரிக்க ஆண். பாட்டில்களைப் பிரான்ஸுக்குக் கொண்டுசேர்க்க உதவியவர் நாப்பாவில் ஒயின் சுற்றுலா நடத்திய ஜோவான் டிப்யூ. செலிஷ்சேவின் தலைமையில் பிரான்ஸுக்குக் கிளம்பிய சுற்றுலாக் குழுவினரின் சாமான்களோடு பாட்டில்கள் போயின. படத்தில் விமான நிலையத்தில் போ பாரெட் பயணிகளைக் கெஞ்ச, ஆளுக்கொரு பாட்டிலாக எல்லோரும் வாங்கிக்கொள்கிறார்கள். அழகான காட்சி, ஊர் கூடித் தேர் இழுப்பது உண்மையும்கூட. ஆனால் தேரை இழுக்க ஆள் கூட்டிய பெண்ணின் இடத்தில் ஒரு பையன் நிற்கிறான். இந்த இருவருக்கும் பதிலாக நமக்குக் கிடைப்பது சாம் என்ற கற்பனைப் பெண். ஒயின் கற்க வந்தவள் என்கிறார்கள். ஒயினைப் பற்றி அவள் செய்வதைவிட இரண்டு இளைஞர்களுக்கு நடுவே அலைபாய்வதற்குத்தான் கதை அவளுக்கு நேரம் கொடுக்கிறது. படத்தின் பலவீனமான இழை இதுதான். இதைக் கத்தரித்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

படத்தில் மாண்டலேனாவின் தொழிலாளியாக வரும் குஸ்தாவோ பிரம்பிலா விஷயத்தில் எனக்கு மனம் இரண்டாகப் பிரிகிறது. மெக்சிகோவில் வேர்கொண்ட, டேவிஸில் படித்த, பிறகு சொந்தமாக ஒயின் செய்த உண்மையான மனிதர் அவர். ஃப்ரெடி ரோட்ரிகெஸ் அவராகக் கண்ணியத்தோடு நடித்திருக்கிறார். பாரில் பந்தயம் கட்டி, என்ன பழம், எந்த ஆண்டு என்று வாயில் ஊற்றிய மாத்திரத்தில் சொல்கிறான் படத்துக் குஸ்தாவோ. முதலாளியின் எதிரே நின்று, நாலு பாடம் படித்துக் காசைப் போட்டு இதற்குள் நுழைந்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள், நகக்கண்ணில் மண்ணோடு வளர்ந்தவனுக்குத்தான் இது வரும் என்ற பொருளில் அவன் பேசும் பேச்சு படத்தின் மிகக் கூர்மையான இடம். திராட்சைத் தோட்டத் தொழிலாளர் இயக்கம் சூடாக இருந்த காலம் அது. 1965-ல் டெலானோவில் பிலிப்பினோத் தொழிலாளர்கள் தொடங்கி மெக்சிகோக்காரர்களும் சேர்ந்துகொண்ட வேலைநிறுத்தத்தின் தொடர்ச்சியாக, 1975-ல்தான் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தை அங்கீகரிக்கும் சட்டம் கலிஃபோர்னியாவில் வந்தது. அந்தப் பின்னணி ஒரு வரிகூடப் படத்தில் இல்லாவிட்டாலும் குஸ்தாவோவின் குரலில் அதன் சூடு இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், அவன் சொன்னதைப் படமே நம்பவில்லை. நகக்கண்ணில் மண்ணோடு வளர்ந்தவனுக்குத்தான் வரும் என்று அவன் சொன்ன பிறகு, பரிசைக் காசைப் போட்டு நுழைந்த வக்கீல் குடும்பத்தின் கையில் கொடுக்கிறது. மண்ணோடும் வளர்ந்து, படித்தும் வந்து, பரிசையும் வாங்கிய ஒருவர் நிஜத்தில் இருந்தார். அவரை வைத்திருந்தால் குஸ்தாவோவின் பேச்சுக்குப் படத்துக்குள்ளேயே பதில் கிடைத்திருக்கும்.

சிவப்பு ஒயினின் வெற்றிக்குப் படத்தில் இடமில்லை என்றே சொல்லலாம். கடைசியில் எழுத்தில் வரும் தகவலோடு சரி. ஸ்டாக்ஸ் லீப்பின் வாரன் வினியார்ஸ்கி சிகாகோ பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். 1964-ல் குடும்பத்தோடு மேற்கே வந்தார். 1969-ல் நேதன் ஃபே என்ற விவசாயி வீட்டில் செய்த கேபர்னேயை ஒரு வாய் குடித்துவிட்டு, தனக்கு வேண்டிய நிலம் இதுதான் என்று அதன் பக்கத்துத் தோட்டத்தை வாங்கினார். 1970-ல் நட்ட கொடிகள். மூன்றே வயதான கொடிகளின் பழம் போர்தோவின் மூத்தோன் ரோத்ஷில்டையும் ஓ பிரியோனையும் தாண்டியது. படம் இரண்டு வெற்றிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டதை நான் குறை சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்தில் எல்லாம் அடங்காது. ஒரே குடும்பத்தின் விடாமுயற்சியால் வந்ததாக எடுத்ததைத்தான் குறை சொல்கிறேன். அதே நாளில், அதே மேசையில், பாரெட்டுகளோடு எந்த ஒட்டும் இல்லாத இன்னொருவர் வென்றார் என்றால், பள்ளத்தாக்கு முழுவதிலும் ஏதோ நடந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். ஆந்த்ரே செலிஷ்சேவ் கெர்கிச்சுக்கு ஆசிரியர், வினியார்ஸ்கிக்கு ஆலோசகர். இரண்டு பரிசுகளையும் இணைக்கும் மனிதர் அந்த முதியவர். அவருக்கும் படத்தில் வேலையில்லை.

சுவைப்பு நிகழ்வுக்கு வருவோம். திறந்தவெளியில், பச்சைப் புல்லின் நடுவே, வெயிலில் நடப்பதாகப் படம் காட்டுகிறது. போவும் பாரீஸில் இருக்கிறான். நிஜத்தில் ஜிம் பாரெட் அந்தச் சுற்றுலாக் குழுவோடு போர்தோ பக்கத்து ஷாட்டோ லஸ்கோம்பில் இருந்தபோதுதான் தொலைபேசியில் சேதி வந்தது. இடமாற்றம் பெரிய குற்றமில்லை. ரிக்மனுக்கு அப்போது அறுபதைத் தாண்டிய வயது, 1976-ல் ஸ்பரியருக்கு 34 என்பதும் குற்றமில்லை. ஆனால் அந்த 34 வயதை வைத்துக்கொண்டு யோசித்தால் மனிதரே வேறாகிவிடுகிறார். பாரீஸ்காரர்களுக்கே ஒயின் பள்ளி தொடங்கும் துணிச்சல் கொண்ட ஓர் இளைஞர். படத்திலோ ஈயாடும் கடையில் உட்கார்ந்திருக்கும் வறட்டுக் கௌரவக்காரர். தன் சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் கற்பனை என்று ஸ்பரியர் படத்தை வெளிப்படையாகவே எதிர்த்தார்.

நிஜ நிகழ்வில் படத்துக்கு வேண்டிய நாடகம் கொட்டிக் கிடந்தது. நடுவர்கள் கலிஃபோர்னிய ஒயின்களை ருசி பார்க்கத்தான் அழைக்கப்பட்டிருந்தார்கள். பிரெஞ்சு ஒயின்களும் கலந்திருக்கும், லேபிள் மறைத்திருக்கும் என்பது வந்து உட்கார்ந்த பிறகே தெரிந்தது. ஒருவர் நாப்பா ஷார்டனேயை உறிஞ்சிவிட்டுப் பிரான்ஸுக்குத் திரும்பிவந்தோம் என்று பெருமூச்சு விட்டார். இன்னொருவர் பர்கண்டியின் உயர்ந்த பாட்டார்-மோன்ராஷேயை மணமே இல்லை, கலிஃபோர்னியாதான் என்றார். சிவப்பைப் பரிமாறத் தாமதமானதால் வெள்ளையின் முடிவை ஸ்பரியர் நடுவிலேயே வாசித்துவிட்டார். அதன் பிறகு சிவப்பைச் சுவைத்தவர்கள், ஒரு முறை சறுக்கியதை அறிந்தே சுவைத்தார்கள். எது கலிஃபோர்னியா என்று மோப்பம் பிடித்துக் குறைத்துப் போடப் பார்த்தார்கள் என்பது ஊகிக்கக்கூடியது. 20-க்கு 2 போட்டவரும் இருந்தார். அப்படியும் ஸ்டாக்ஸ் லீப் 127.5, மூத்தோன் 126. முடிவு தெரிந்ததும் ஓடெட் கான் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார், ஸ்பரியர் கொடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒன்பது பேரின் தன்மானம் ஒரு பிற்பகலில் ஆட்டம் காணும் இந்தக் காட்சியை எடுக்காமல், புல்வெளியையும் இசையையும் எடுத்திருக்கிறார்கள்.

எடுக்காததற்கு ஒரு காரணம் புரிகிறது. அந்த ஒன்றரைப் புள்ளியை உற்றுப் பார்த்தால் தீர்ப்பே தள்ளாடும். ஒன்பது பேரின் மதிப்பெண்ணை அப்படியே கூட்டினால், தாராளமாக ஏற்றியும் இறக்கியும் போடுகிறவரின் கைக்குப் பலம் கூடிவிடுகிறது. ஆர்லி ஆஷென்ஃபெல்டர், ரிச்சர்ட் குவாண்ட் என்ற பொருளியல் பேராசிரியர்கள் 1999-ல் இந்தத் தாள்களைத் தரவரிசையாக மாற்றிக் கணக்குப் போட்டார்கள். அப்போதும் ஸ்டாக்ஸ் லீப் முதலிடத்தில்தான் நின்றது. ஆனால் பட்டியலின் நடுவே இருக்கும் பல ஒயின்களுக்குள் வேறுபாடு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல இடமில்லை. படம் வந்த அதே 2008-ல் ராபர்ட் ஹாட்ஜ்ஸன் இன்னொரு ஆய்வை வெளியிட்டார். கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியின் நடுவர்களுக்கு ஒரே பாட்டிலின் ஒயினை மூன்று கோப்பைகளில் தெரியாமல் கொடுத்துப் பார்த்ததில், ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் மூன்றுக்கும் ஒட்டிய மதிப்பெண் போட்டார். ஃபீல் குட் படத்துக்கு ஐயமில்லாத நீதிபதி தேவை. விசில் அடித்தால் கோல் விழுந்திருக்க வேண்டும். ஒயின் அப்படிப்பட்ட விளையாட்டு இல்லை. மே 24-ல் நிரூபணமானது கலிஃபோர்னியா பிரான்ஸைவிடச் சிறந்தது என்பதாக இருக்க முடியாது. பிரான்ஸின் தேர்ந்த நாக்குகளால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை என்பது நிரூபணமானது. அதுவே போதுமான புரட்சி. படம் அதைவிடச் சுலபமான வெற்றியை விரும்பியது.

இளசாகக் குடித்தால் கலிஃபோர்னியா முந்தும், போர்தோ வயதாகத்தான் மலரும் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொன்ன சமாதானமும் 2006 மே 24-ல் சோதிக்கப்பட்டது. லண்டனிலும் நாப்பாவிலும் ஒரே நாளில் அதே சிவப்பு ஒயின்களைத் திறந்தார்கள். முதலிடம் ரிட்ஜ் மாண்டே பெல்லோ 1971. முதல் ஐந்து இடமும் கலிஃபோர்னியாவுக்கே. இந்தத் தகவல் கையில் இருக்கும்போது 2008-ல் எடுக்கும் படம் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

இது சினிமா, ஆவணப்படம் இல்லையே என்ற வாதம் வரும். நியாயம்தான். இடத்தை மாற்றலாம், வயதை மாற்றலாம், நான்கு பேரை ஒருவராக்கலாம், மாதங்களை நாளாக்கலாம். இதெல்லாம் கதையைச் சுருக்குகிற வேலை. ஒரு செயல் ஏன் நடந்தது என்ற காரணத்தை மாற்றுவது அந்த வகையில் சேராது. குடியேறி வந்த ஒருவரின் படிப்பும் பொறுமையும் காரணமாக இருந்த இடத்தில் அப்பா-பிள்ளை பாசத்தைக் காரணமாக வைத்தால், பார்க்கிறவர் எளியவர்கள் எப்படி வெல்கிறார்கள் என்பதையே தவறாகத் தெரிந்துகொண்டு வெளியே வருகிறார். எளியவர் பக்கம் நிற்பதாகச் சொல்லும் ஒரு படத்துக்கு இதைவிடப் பெரிய பிழை கிடையாது.

வெற்றியோடு படம் முடிந்துவிடுகிறது, வரலாறு முடியவில்லை. மூத்தோனின் பாரன் ஃபிலிப் து ரோத்ஷில்ட், மொண்டாவியோடு கூட்டுச் சேர்ந்து நாப்பாவிலேயே ஓபஸ் ஒன் என்ற ஒயினைத் தொடங்கினார். 2007-ல் வினியார்ஸ்கி தன் பண்ணையை 18.5 கோடி டாலருக்கு விற்றார். 2008 ஆகஸ்டில் 'பாட்டில் ஷாக்' அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வருவதற்குச் சில வாரம் முன்புதான், போர்தோவின் ஷாட்டோ கோஸ் தெஸ்தூர்னெல் உரிமையாளருக்கு மாண்டலேனாவை விற்க பாரெட் குடும்பம் ஒப்புக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஒப்பந்தம் முறிந்துபோக, பண்ணை குடும்பத்திடமே தங்கியது. முப்பது ஆண்டில் எளியவர்கள் அரியணைக்காரர்களாகிவிட்டார்கள் என்பதை இந்த வகைக் கதை தொடவே தொடாது, ஏனென்றால் அதன் கணக்கில் எளியவன் என்றைக்கும் எளியவனாகவே இருந்தாக வேண்டும்.

கெர்கிச் 1977-ல் மாண்டலேனாவை விட்டு வந்தார். அந்த ஜூலை 4 அன்று, ஆஸ்டின் ஹில்ஸ் என்ற கூட்டாளியோடு, கெர்கிச் ஹில்ஸ் என்ற சொந்தப் பண்ணைக்கு அடிக்கல் நாட்டினார். 1980-ல் சிகாகோவில் உலகின் பல பாகங்களிலிருந்தும் வந்த 221 ஷார்டனேகளை லேபிள் மறைத்துச் சுவைத்தார்கள். முதல் பரிசு கெர்கிச் ஹில்ஸின் 1977 ஷார்டனேக்கு.